எண்ணுங் கருவியும் அதனைத் தெரியும் முறையும்

கல்முனைக்கு வடக்கே, கடலை அடுத்துக் கிடக்கும் மருதமுனை கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊராகும். சாறமும் சேலையும் நெய்யும் அவ்வூர்த் தறிகளின் ஓசை பல தலைமுறைகளாக அங்கே ஒலித்து வந்திருக்கிறது. நெசவைக் கைத்தொழில் என்று உலகம் அழைக்கிறது. நெய்பவர்களோ, அது கையின் தொழிலாக இருக்கும் அளவுக்கு எண்ணிக்கையின் தொழிலாகவும் இருப்பதை அறிவார்கள். பாவிலே எத்தனை இழை ஓட வேண்டும், கரையிலே எத்தனை இழை நிற்க வேண்டும், பாவு சுற்றும் பெரிய உருளை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும், நிறம் மாறுவதற்கு முன் நாடா எத்தனை தரம் குறுக்கே செல்ல வேண்டும் என்பனவெல்லாம் கணக்கு. இக்கணக்கிலே ஒன்று தவறினாலும் கோடு கோணும், துணி குறையும், கூலியும் குறையும்.

அந்தக் கணக்கை வாயினாலும் மனத்தினாலும் வைத்திருப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. உருளையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வாசலிலே ஒருவர் வந்து ஸலாம் சொன்னால், மறுமொழி சொல்லாதிருத்தல் மரியாதையன்று. மறுமொழி சொல்லிவிட்டாலோ, நாற்பத்தாறா, நாற்பத்தேழா என்ற ஐயம் எழுந்துவிடும். அந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டுமானால் இழைகளை மீண்டும் எண்ண வேண்டும். அல்லது ஊகத்தின்மேல் தொடர வேண்டும்.

இலத்திரனியலைப் பொழுதுபோக்காகப் பயிலும் ஒரு மாணவன், இந்த எண்ணிக்கையை ஒரு சிறு கருவியிடம் ஒப்படைக்கலாமே என்று கருதுவது இயல்பு. அவன் கொழும்பு புறக்கோட்டைக்குச் சென்று எண்ணுஞ் சிப் ஒன்று வேண்டுமென்று கேட்டால், கடைக்காரர் எந்த இலக்கம் என்று திருப்பிக் கேட்பார். 7490, 7493, 4017, 4026, 4040, 4060, 4510 என்று இலக்கங்கள் பல. எல்லாம் எண்ணுபவைதாம், ஆயின் ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது. இவற்றுள் எதனைத் தெரிவது என்ற வினாவுக்கு விடை விலைப்பட்டியலில் இல்லை. இக்கருவிகள் பிறந்த வரலாற்றிலே இருக்கிறது. ஒவ்வோர் எண்ணியும் ஏதோ ஒரு தேவையின் பிள்ளையாகவே பிறந்தது. அத்தேவையை அறிந்தவன் தெரிவிலே தவறமாட்டான்.

மனிதனுடைய கண் எண்ணிக் களைத்துப்போன ஓர் இருட்டறையிலே இந்த வரலாறு தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், இங்கிலாந்திலுள்ள மன்செஸ்ரர் நகரிலே ரதர்போர்ட்டும் அவருடன் பணியாற்றிய கைகரும் அணுத்துணிக்கைகளை ஆராய்ந்தனர். துணிக்கை ஒன்று திரையிலே படும்போது நுண்ணிய ஒளிப்பொறி ஒன்று தோன்றி மறையும். இருளிலே நெடுநேரம் அமர்ந்து கண்ணைப் பழக்கிய பின்னர், அப்பொறிகளை ஒருவர் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். சிறிது நேரத்தில் கண் சோரும், மனம் தளரும், எண்ணிக்கை ஐயத்துக்கு இடமாகும். 1908 ஆம் ஆண்டிலே கைகர் ரதர்போர்ட்டுடன் சேர்ந்து, துணிக்கையின் வருகையை மின்துடிப்பாக மாற்றும் கருவியை அமைத்தார். இருப்பினும், துடிப்புக்கள் மிக விரைந்து வந்தபோது, அவற்றைப் பதியும் பொறிமுறை எண்ணியின் பற்சக்கரங்கள் பின்தங்கின.

இந்த இடர்ப்பாட்டை நீக்கியவர் வின்-வில்லியம்ஸ் என்னும் விஞ்ஞானி. கேம்பிரிட்ஜ் கவென்டிஷ் ஆய்வுகூடத்திலே, 1931, 1932 ஆம் ஆண்டுகளில், தைரத்திரன் எனப்படும் வாயு நிறைந்த வால்வுகளைக் கொண்டு அவர் ஓர் எண்ணும் சுற்றை அமைத்தார். அதன் தத்துவம் மிக எளிது. முதற்படி இரண்டு துடிப்பைப் பெற்றால் ஒரு துடிப்பை மட்டும் அடுத்த படிக்குக் கொடுக்கும். அடுத்த படியும் அவ்வாறே செய்யும். மூன்று படிகளைக் கடந்தபோது எட்டுத் துடிப்புக்கு ஒரு துடிப்பே எஞ்சும். நான்கு படிகளைக் கடந்தால் பதினாறுக்கு ஒன்று. விரைவைத் தாங்கமாட்டாத பற்சக்கர எண்ணி, இப்பொழுது ஆறுதலாகத் தன் வேலையைச் செய்தது. இன்று கடையில் வாங்கும் துவித எண்ணிகள் யாவும் இந்த இரண்டாற் பிரிக்கும் படிகளின் வழிவந்தவையே.

இரு நிலைகளுள் ஒன்றிலே நின்று, துடிப்பு வந்ததும் மற்றதற்கு மாறும் வேறொரு சுற்றை எக்கிள்ஸ், ஜோர்டன் என்னும் இருவர் 1918 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கண்டறிந்திருந்தனர். வானொலிக்காகப் பிறந்த வால்வுகள் இரண்டை ஒன்றுக்கொன்று எதிராகப் பிணைத்ததே அவர்களுடைய உத்தி. ஒன்று எழுந்தால் மற்றது விழும். இலங்கைப் பாடநூல்கள் அதற்கு 'எழு-விழு' என்று பெயரிட்டிருப்பது மிகப் பொருத்தம். பெயரைச் சொல்லும்போதே தொழிலும் விளங்கிவிடுகிறது. இத்தகைய பெயர்களுக்காக உழைத்தவர்களுள், கல்முனைக்குத் தெற்கே காரைதீவிலே 1892 இல் பிறந்து, கல்முனைப் பாடசாலையிலும் பயின்ற சுவாமி விபுலாநந்தரும் ஒருவர். தமிழறிஞராகப் போற்றப்படும் அவர் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். 1936 ஆம் ஆண்டு சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்.

இரண்டாற் பிரிப்பது கருவிக்கு எளிது. படிப்பது மனிதனுக்கு அரிது. பத்துப் பத்தாக எண்ணிப் பழகிய மனிதன், தன் வழக்கத்துக்கு இசைந்த கருவியை நாடினான். 1946 இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பெருங் கணினி, ஏறத்தாழ 18,000 வால்வுகளைக் கொண்டது. ஓர் இலக்கத்துக்குப் பத்து எழு-விழுக்களை வளையமாக நிறுத்தி, அவற்றுள் ஒன்றை மட்டும் எழச்செய்து அது எண்ணியது. பின்னர் தெக்கற்றோன் என்னும் கண்ணாடிக் குழாய் வந்தது. அதனுள்ளே ஓர் ஒளிப்புள்ளி பத்து நிலைகளை வட்டமாகச் சுற்றிவரும். துடிப்புக்கு ஒரு நிலை நகரும். எண்ணுவதும் காட்டுவதும் அங்கே ஒன்றாயின. 1951 இல் ஹார்வெல் என்னுமிடத்திலே இயங்கத் தொடங்கிய ஒரு கணினி இக்குழாய்களைக் கொண்டே நினைவு வைத்தது. அக்கணினி செப்பனிடப்பட்டு, 2012 இல் மீண்டும் இயக்கிக் காட்டப்பட்டது.

வால்வுக்குப் பின் திரான்சிற்றரும், திரான்சிற்றருக்குப் பின் ஒருங்கிணைந்த சுற்றும் தோன்றின. 1958 இல் ஜாக் கில்பியும் 1959 இல் ரொபேட் நொய்சும் தனித்தனியே வகுத்த வழிகளால், பல உறுப்புக்கள் ஒரே குறைகடத்தித் துண்டிலே அடங்கின. 1964 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனம் படைத்துறைத் தேவைக்கென 5400 வரிசையை வெளியிட்டது. அதன் மலிந்த உடன்பிறப்பாகப் பிளாத்திக்கு உறையிலே வந்தது 7400 வரிசை. ஆய்வுகூடக் கருவிகளுக்கும் கணினிகளுக்கும் வேகம் வேண்டியிருந்தது. அதனை இவ்வரிசை கொடுத்தது.

அவ்வரிசையின் 7490 பலரும் பழகிய பதின்ம எண்ணி. அதனுள் நான்கு எழு-விழுக்கள் உள. ஒன்று இரண்டாற் பிரிக்கும். ஏனைய மூன்றும் சேர்ந்து ஐந்தாற் பிரிக்கும். இரண்டையும் வெளியே ஒரு கம்பியால் இணைத்தாற்றான் பத்தாகும். இந்த இணைப்பை மறந்து, கருவி பழுதென்று எறிந்தவர் உண்டு. மற்றொரு விசித்திரம், வழக்கமாக மூலையிலே அமையும் மின்வழங்கற் கால்கள் இதில் 5 ஆம், 10 ஆம் இடங்களில் நடுவே இருப்பது. இதற்கு 5 வோல்ற் அழுத்தம் திட்டமாக வேண்டும். ஏறத்தாழ 30 மில்லி அம்பியர் மின்னோட்டத்தை ஓய்ந்திருக்கும்போதும் உண்ணும். வினாடிக்கு மூன்று கோடிக்கு மேற்பட்ட துடிப்புக்களை எண்ணவல்லது. ஆனால் சிறு பற்றரியில் வாழ வல்லதன்று.

பற்றரியில் வாழும் கருவி மற்றொரு தேவையால் பிறந்தது. விண்கலத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் சிக்கனம் வேண்டும். 1963 இல் பிராங் வான்லாஸ் காட்டிய சீமொஸ் என்னும் முறையைக் கைக்கொண்டு, ஆர்.சி.ஏ. நிறுவனம் 1968 இல் 4000 வரிசையை விற்பனைக்குக் கொணர்ந்தது. இவ்வகை எண்ணி, மாறும்போது மட்டும் மின்னை உண்ணும். வாளா இருக்கும்போது அதன் பசி மைக்ரோ அம்பியர் அளவினது. 3 வோல்ற் முதல் 15 வோல்ற் வரை எதிலும் இயங்கும். அதன் வேகம் 7490 க்கு நிகராகாது. எனினும் தறிக்கு முன்னால் அது பேரளவு மிஞ்சியதே. நிமிடத்துக்கு நூறு முறை நாடா ஓடினாலும் செக்கனுக்கு இரண்டு துடிப்புக்கூட வரவில்லை அன்றோ? ஆகவே வேகத்தைப் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை என்பது மாணவன் பெறும் முதற் பாடம்.

இனி 4000 வரிசைக்குள்ளும் தெரிவு உண்டு. கடிகாரம் செய்பவனுக்கு நீண்ட பிரிப்பு வேண்டும். 1969 டிசெம்பர் 25 ஆம் நாள் ஜப்பானிலே சீக்கோ நிறுவனம் விற்பனைக்கு விட்ட முதற் பளிங்குக் கைக்கடிகாரம், செக்கனுக்கு 8,192 தரம் அதிர்ந்த பளிங்கைக் கொண்டிருந்தது. அவ்வெண் இரண்டைப் பதின்மூன்று முறை பெருக்கி வருவது. ஆதலால் பதின்மூன்று எழு-விழுக்கள் அதனை ஒரு செக்கனாக்கும். பின்னாளில் 32,768 என்பது வழக்கமாயிற்று. 4060 தன்னுள்ளே அலையத்தையும் பதினான்கு படிகளையும் கொண்டது. அப்பளிங்கை அதனோடு சேர்த்தால் செக்கனுக்கு இரு துடிப்புக் கிடைக்கும். இன்னும் ஓர் எழு-விழு சேர்த்தாற்றான் ஒரு செக்கனாகும். காலத்தைப் பிரிப்பதற்கு இது சிறந்தது. சுற்றை எண்ணிக் காட்டுவதற்கோ இது உதவாது. அதன் முதல் மூன்று படிகளும் பதினோராம் படியும் வெளியே கால் பெறவில்லை.

பத்து விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வேண்டுமாயின் 4017 ஏற்றது. எனியாக்கின் பத்துநிலை வளையத்தை ஐந்து எழு-விழுக்களால் செய்துகாட்டும் எண்ணி இது. ஒவ்வோர் அடியிலும் அதனுள்ளே ஓர் எழு-விழு மட்டுமே மாறுவதால் இடையிலே பொய்யான நிலை எதுவும் தோன்றாது. இதன் அருமையை 7490, 7493 போன்ற வரிசைப்படி மாறும் எண்ணிகளோடு ஒப்பிட்டால் உணரலாம். துவித எண்ணி ஒன்று ஏழிலிருந்து எட்டுக்குச் செல்லும்போது நான்கு எழு-விழுக்களும் மாற வேண்டும். ஒன்று மாறிய பின்னரே அடுத்தது மாறும். ஆதலால் கண்ணிமைக்கும் நேரத்திலும் நுண்ணிய கணத்துக்கு அது ஆறு என்றும், நான்கு என்றும், சுழி என்றும் காட்டிப் பின்னரே எட்டுக்கு வரும். கண் இதைக் காணாது. ஆனால் அந்த நிலையைப் பார்த்து மணியடிக்கும் மற்றொரு சுற்று இருந்தால், அது பொய்ச் சுழியைக் கண்டு அடித்துவிடும். எல்லா எழு-விழுக்களும் ஒரே கணத்தில் மாறும் 74161, 74163 போன்றவை இக்குறையைத் தீர்க்கவே எழுந்தன.

தறியின் எண்ணிக்கையை இலக்கமாகவே காண விரும்பினால் 4026 எளிய வழி. பத்து வரை எண்ணுவதோடு, ஏழு துண்டுகளாலான இலக்கக் காட்சியையும் அதுவே இயக்கும். மூன்றை அடுக்கினால் 999 வரை செல்லும். அக்காட்சியை அணைத்துவிட்டு, எண்ணிக்கையை மட்டும் உள்ளே காக்கும் ஒரு கால் அதற்கு உண்டு. 2022 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் நீண்ட மின்வெட்டுக்களைக் கண்டது. இத்தகைய வேளையில் மின்னை நம்பிய எண்ணி சுழியிலிருந்து மீண்டும் தொடங்கும். சிறு பற்றரியோடு கூடிய சீமொஸ் எண்ணியோ, விளக்கை அணைத்துக்கொண்டு கணக்கைக் கைவிடாது காத்திருக்கும். 7490 ஐ விட்டு 4000 வரிசையை நாடுவதற்கு இஃது ஒன்றே போதிய காரணமாகும்.

எனினும் 4026 ஐ வாங்கும் முன் நெய்பவரிடம் ஒரு கேள்வி கேட்டல் வேண்டும். உருளை எப்பொழுதும் முன்னோக்கியே சுற்றுமா? சுற்றாது. இழை அறுந்தால், அறுந்த நுனியைத் தேடி உருளையைப் பின்னே திருப்புவர். முடிச்சிட்டு மீண்டும் முன்னே சுற்றுவர். முன்னே மட்டும் எண்ணத் தெரிந்த 4026, பின்னே சுற்றிய இரண்டு சுற்றையும் கூட்டிவிடும். திரும்ப முன்னே சுற்றிய இரண்டையும் கூட்டிவிடும். நாற்பத்தெட்டென்று கருவி காட்டும்போது உருளையிலே நாற்பத்துநான்கே இருக்கும். மனிதன் தவறினால் ஐயமாவது கொள்வான். கருவி ஐயமின்றித் தவறும். ஆகவே இங்கே ஏற்றமும் இறக்கமும் அறிந்த 4510 வேண்டும். காந்தத்தால் மூடும் ஆளிகள் இரண்டைச் சிறிது இடைவெளியில் நிறுத்தினால், எது முன்னே மூடுகிறது என்பதைக் கொண்டு சுழலும் திசையை அறியலாம். அத்திசையை 4510 க்கு அறிவித்தால் அது கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டும். கழிக்க வேண்டிய இடத்தில் கழிக்கும். இலக்கத்தைக் காட்ட 4511 என்னும் துணையும் வேண்டும். செலவு சற்றுக் கூடும், கணக்கு நேராகும்.

எந்த எண்ணியைத் தெரிந்தாலும் வாசலிலே ஒரு காவல் தேவை. ஆளி மூடும்போது அதன் உலோக நாக்குகள் ஒரே தரத்தில் அமைதி கொள்வதில்லை; சில ஆயிரத்திலொரு செக்கன் நேரம் துள்ளும். மனிதன் ஒரு முறை மூடியதை விரைந்த எண்ணி ஐந்து முறை என்று எண்ணிவிடும். வேகம் மிகுந்தமை இங்கே குற்றமாகிறது. 100,000 ஓம் தடையியும் 0.1 மைக்ரோ பரட் கொள்ளளவியும் சேர்ந்தால் செக்கனில் நூறில் ஒரு பங்கு தாமதம் உண்டாகும். அதன்பின் ஷ்மிட் சுற்று அடங்கிய 4093 அல்லது 40106 ஒன்றை வைத்தால் துள்ளல் அடங்கும். சீமொஸ் சிப்பின் பயன்படாத உள்ளீட்டுக் கால்களை அந்தரத்தில் விடுதலும் ஆகாது. அவை காற்றிலுள்ள மின்குழப்பத்தையும் செய்தியென்று கொள்ளும். 4017 இன் 13 ஆம், 15 ஆம் கால்களைத் தரையோடு இணைக்க மறந்தவர்கள், எண்ணி தன் விருப்பப்படி ஓடுவதைக் கண்டு திகைத்திருக்கின்றனர்.

இத்தனையும் ஏன், 2005 இல் இத்தாலியிலே தோன்றிய ஆர்டுயினோ போன்ற நுண்கணினிப் பலகை ஒன்றே யாவற்றையும் செய்யுமே என்று சிலர் வினவலாம். செய்யும். பல தறிகளின் கணக்கை நாள் முழுவதும் பதிந்து வைக்கவும், விதிகளை அடிக்கடி மாற்றவும் அதுவே தக்கது. ஆயினும் உருளை பின்னே சுற்றும் என்பதை அதற்கும் ஒருவர் சொல்லித்தரல் வேண்டும். ஆளி துள்ளும் என்பதையும் சொல்லித்தரல் வேண்டும். எண்ணப்படும் பொருளின் இயல்பை அறியாதவனுக்குப் பழைய சிப்பும் பொய் சொல்லும், புதிய பலகையும் பொய் சொல்லும்.

இக்கரையோர ஊர்களுக்கு எண்ணுங் கருவி புதிதன்று. தொழுகையின் பின் முப்பத்துமூன்று முப்பத்துமூன்றாக எண்ண உதவிய தஸ்பீஹ் மணிகளோடு, விரலிலே அணியும் சிறு இலத்திரனியல் எண்ணியும் இன்று கடைகளில் விற்கப்படுகிறது. பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் ஒன்று கூடும். அதனுள்ளே இருப்பதும் சிக்கனமான சீமொஸ் சுற்றுத்தான். பின்னே எண்ணும் திறன் அதற்கு வேண்டியதில்லை. அத்தொழிலுக்கு அது நிறைவானது. உருளைக்கோ அது போதாது. தெரிவு என்பது சிறந்ததைத் தேடுவதன்று, பொருந்தியதைத் தேடுவது என்பதற்கு இதனினும் அண்மையான சான்று வேண்டியதில்லை.

ஆகவே மாணவன் ஐந்து வினாக்களோடு கடைக்குச் செல்வானாக. துடிப்பு எவ்வளவு விரைவாக வரும்? எந்த எண் வரை செல்ல வேண்டும்? முன்னே மட்டுமா, பின்னேயும் எண்ண வேண்டுமா? கண்ணுக்குக் காட்ட வேண்டுமா, மற்றொரு சுற்றுக்குச் சொல்ல வேண்டுமா? மின்சாரம் நின்றால் கணக்கு நிற்க வேண்டுமா, நிலைக்க வேண்டுமா? இவ்வைந்துக்கும் விடை கடையிலே கிடைக்காது. தறியின் அருகே சில நாழிகை நின்று பார்த்தவனுக்கே கிடைக்கும். அவ்வாறு பார்த்துச் செய்த கருவி ஒன்று உருளையின் பக்கத்தில் இருக்குமானால், வாசலிலே வந்தவரின் ஸலாத்துக்கு நெய்பவர் நிமிர்ந்து பார்த்து, மனமார மறுமொழி சொல்லலாம்.